“பையன் டென்த் போறான், எந்த கோச்சிங் நல்லது?”: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் முதலில் பேச வேண்டியது வேறு

ஆகஸ்ட் பிறந்தால் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் பள்ளிகள் திறந்துவிடும். நியூ ஜெர்சிப் பக்கம் செப்டம்பர் முதல் வாரம். அதற்கு ஒரு மாதம் முன்பே அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும்: “பையன் டென்த் போறான். நல்ல கோச்சிங் ஏதாவது தெரியுமா?” அரை மணி நேரத்தில் பதில்கள் வந்து குவியும். எஸ்ஏடி பயிற்சி, கணித ஒலிம்பியாட், கோடிங், ரோபோட்டிக்ஸ்... “காலேஜ் கன்சல்டன்ட்டை இப்பவே பிடிச்சிடுங்க, அப்புறம் கிடைக்க மாட்டாங்க” என்ற அன்பான மிரட்டல் வரை.

இந்தக் கேள்வி திருச்சியிலும் மதுரையிலும் நாம் பத்தாம் வகுப்பு படித்தபோது நம் வீட்டில் கேட்டது. கேபிள் கனெக்‌ஷனை வெட்டி, சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய்விட்டு வந்து, “இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ” என்று சொல்லி வளர்த்தார்களே, அந்த நினைவு விசா வாங்காமலேயே நம்முடன் விமானம் ஏறிவிட்டது. அண்ணன் மகளோ, உங்கள் டீம் லீடின் மகனோ, நாளைக்கு உங்கள் பிள்ளையோ அங்கே பத்தாம் வகுப்பில் உட்காரும்போது அந்த நினைவு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் உதவுவதில்லை என்பது என் கருத்து. அங்கே பத்தாம் வகுப்புக்கு ட்யூஷனைவிட அவசரமான ஒரு தயாரிப்பு இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பொதுத்தேர்வு இல்லை, அப்படியென்றால் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரை நான்கு வருடம். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பெயர்: ஃப்ரெஷ்மேன், சோஃபோமோர், ஜூனியர், சீனியர். நம்ம பத்தாம் வகுப்புதான் அவர்களுடைய சோஃபோமோர் வருடம். சில மாநிலங்களில் மாநில அளவிலான தேர்வுகள் உண்டு என்றாலும், 500-க்கு எத்தனை என்று ஊரே கேட்கிற ஒரு தேர்வு கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் ‘குரூப்’ எடுக்கும் வேலையும் இல்லை. பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்று 15 வயதில் முடிவெடுக்கத் தேவையில்லை.

அதனால் சில வீடுகளில் எதிர்த்திசைக்குப் போய்விடுகிறார்கள். “போர்டு எக்ஸாம் இல்லையே, லெவன்த்ல பாத்துக்கலாம்.” இதுவும் சரியில்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில், இலையுதிர் காலத்தில். அப்போது பிள்ளையின் கையில் இருப்பது 9, 10, 11 ஆகிய மூன்று வருட மதிப்பெண்கள் மட்டும். பத்தாம் வகுப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கு, அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ எல்லாவற்றுக்கும், இது இன்னும் கனமானது. அவர்கள் ஜிபிஏ கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை. அந்த வருடப் பாடங்களில் தேறியிருந்தால் போதும். ஒன்பது முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கி பதினொன்று முடிந்த கோடை வரை படித்தவையே கணக்கில் வரும். அங்கே பத்தாம் வகுப்பு ஏறக்குறைய சரிபாதி.

டெக்சாஸில் கதை வேறு. பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் என்று 1997-ல் சட்டம் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த அளவு குறைவு. 6 சதவீதமாக இருந்ததை 2026 இலையுதிர்கால சேர்க்கையிலிருந்து 5 சதவீதமாக்கிவிட்டார்கள். அதனால் ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கத்துப் பள்ளிகளில் ரேங்க் பைத்தியம் நம்ம ஊரையே மிஞ்சும். கூடுதல் மதிப்பு தராத வகுப்பு என்பதற்காகவே பிள்ளையை ஓவியத்திலிருந்தும் வயலினிலிருந்தும் வெளியே இழுக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கவனிக்க மறப்பது ஒன்று: அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறது, கேட்ட பாடப்பிரிவில் இடம் தருவதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமென்றால் அந்த 5 சதவீதத்துக்குள் இருந்தும் தனியாகப் போட்டியிட வேண்டும்.

மதிப்பெண் சேரும் விதமும் வேறு. வருட முடிவில் ஒரே மூச்சில் எழுதி அள்ளும் வாய்ப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை குவிஸ், வியாழக்கிழமை லேப் ரிப்போர்ட், குழுவாகச் செய்த ப்ராஜெக்ட், கொடுக்க மறந்த ஹோம்வொர்க் எல்லாம் சேர்ந்துதான் கிரேடு. கெட்டிக்காரப் பிள்ளைகளும் இங்கே வழுக்குவதற்குக் காரணம் பாடம் புரியாதது இல்லை. கொடுக்காமல் விட்ட இரண்டு அசைன்மென்ட்டுக்கு விழுந்த பூஜ்யம். ‘ரிவிஷன் டைம்ல பாத்துக்கலாம்’ என்ற நம்ம ஊர் வித்தை இங்கே செல்லாது.

ஆகவே பத்தாம் வகுப்புக்கு முன் பிள்ளை பழக வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், எந்த வேலையை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதைத் தானே குறித்து வைக்கும் பழக்கம். தானே என்ற சொல் முக்கியம். பள்ளியின் இணையதளத்தில் மதிப்பெண் ஏறிய மறுநிமிடம் அப்பாவின் போனில் நோட்டிஃபிகேஷன் வந்துவிடுகிறது. பிள்ளை வகுப்பறையிலிருந்து வெளியே வருவதற்குள் “ஏன் 82?” என்று மெசேஜ் போய்விடுகிறது. ஒரு காலத்தில் ப்ராக்ரஸ் கார்டை மூன்று நாள் பையிலேயே ஒளித்து வைத்து, நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் நீட்டிய தலைமுறை நாம். அந்த மூன்று நாள் கருணையை நம் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மாலை, இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் அப்படியே. ஒன்பதாம் வகுப்பு வரை அம்மா எழுதினார். பத்தாம் வகுப்பில் பிள்ளை எழுதட்டும். முதல் மெயில் மோசமாகத்தான் இருக்கும். பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களில் இருவரிடம்தான் பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம் கேட்கப்போகிறார்கள். அதற்குள் பெரியவர்களிடம் பேசிப் பழக ஒரு வருடம் இருக்கிறது.

ஏபி எத்தனை எடுக்கலாம்?

ஏபி என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. மே மாதத்தில் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண்ணுக்குப் பல கல்லூரிகள் கிரெடிட் கொடுக்கும். பத்தாம் வகுப்பில் பொதுவாகப் பிள்ளைகள் எடுப்பது ஏபி உலக வரலாறு.

“அவங்க பொண்ணு மூணு எடுக்கிறா” என்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் ஏபி ஆலோசனை. சரி, கணக்கே பார்ப்போம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏவில் இப்படிப்பட்ட பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி தருகிறது. ஆனால் மொத்தம் எட்டு செமஸ்டருக்கு மட்டும். அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்கு செமஸ்டருக்கு மேல் சேராது. அதாவது முழு வருடப் பாடம் இரண்டு. மூன்றாவதாக எடுக்கிற ஏபி விண்ணப்பத்தில் தெரியும், அந்தக் கூடுதல் புள்ளிக் கணக்கில் ஏறாது. தூக்கத்தை விற்று அதை வாங்குவது லாபமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தூக்கம் என்று சொன்னது பேச்சுக்காக இல்லை. 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை. வளரிளம் பருவத்தில் உடல் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடுகிறது. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் தூக்கம் வராது. இதனால்தான் கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு 2022-ல் நடைமுறைப்படுத்தினார்கள். அந்த அரை மணியையும் கணித கோச்சிங்குக்குக் கொடுத்துவிட்டால் சட்டம் போட்டு என்ன பயன்?

என் பரிந்துரை எளிது. பத்தாம் வகுப்பில் ஒரு ஏபி போதும். பிள்ளைக்கே ஒரு பாடத்தில் பைத்தியம் என்றால் இரண்டு. அடுத்த வருடம் கட்டாயம் கனமாக இருக்கும், அதற்கு மூச்சு மிச்சம் வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புக்கு என்ன பாடங்கள் என்பதைப் பல பள்ளிகளில் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கேட்டுவிடுவார்கள். அதாவது பத்தாம் வகுப்பின் பாதியிலேயே. அந்தப் படிவம் வருவதற்கு முன் பள்ளி கவுன்சிலரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு. பல பள்ளிகளில் அதைவிட அதிகம். உங்கள் பிள்ளையின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் கதவைத் தட்ட வேண்டும். காசு வாங்கும் கன்சல்டன்ட்டைத் தேடுவதற்கு முன் காசு வாங்காத இவரைப் பாருங்கள்.

பிஎஸ்ஏடி பற்றி இரண்டே வரி. பத்தாம் வகுப்பில் எழுதும் பிஎஸ்ஏடி ஒத்திகை மட்டும்தான், கல்லூரிகளுக்குப் போகாது. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கும் பொதுவாகப் பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதுவதுதான் கணக்கு. அதற்காகப் பத்தாம் வகுப்புக் கோடை முழுவதையும் கோச்சிங்கில் அடைப்பது, ஒத்திகைக்கு முகூர்த்தப் பட்டு கட்டுவது மாதிரி. போதாக்குறைக்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி போன்றவை 2022-லிருந்து மறுபடி கேட்கின்றன. எந்தக் கல்லூரிகள் என்று ஒரு உத்தேசம் வந்த பிறகு இதைப் பற்றிக் கவலைப்படலாம்.

வீட்டில் பேசாமல் தள்ளிப்போடும் விஷயம்

இப்போது முக்கியமானதற்கு வருவோம். விசா. பணம்.

எச்-1பி விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளை, இந்தியாவில் பிறந்து சின்ன வயதில் கூட்டிவரப்பட்டிருந்தால், எச்-4 என்ற சார்பு விசாவில் இருக்கும். கிண்டர்கார்டனிலிருந்து அங்கேயே படித்திருப்பாள். ஆங்கிலம் அங்கே பிறந்தவர்கள் மாதிரியே பேசுவாள். அவளுக்கும் பக்கத்து பெஞ்ச் பெண்ணுக்கும் வித்தியாசம் இருப்பது பல சமயம் அவளுக்கே தெரியாது. அந்த வித்தியாசம் முதன்முதலாக வெளியே எட்டிப் பார்க்கும் வயது இந்தப் பதினைந்து, பதினாறு. கிட்டத்தட்ட பத்தாம் வகுப்பு.

எப்படித் தெரியவரும்? தோழிகள் எல்லாம் கோடையில் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்வார்கள். எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனால், விசா எவ்வளவு காலம் இருக்கிறதோ அதற்கேற்ப லைசென்ஸும் குறுகிய காலத்துக்கு வரலாம். அரசு நிதியில் நடக்கும் பல கோடைகால ஆய்வுப் பயிற்சிகளின் விண்ணப்பத்தில் முதல் கேள்வியே ‘குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உண்டா’ என்பதுதான். ‘இல்லை’ என்று அழுத்தினால் அடுத்த பக்கம் திறக்காது.

கல்லூரி நெருங்கும்போது பட்டியல் நீள்கிறது. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ கிடைக்காது. அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க்காரர்களுக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளிநாட்டு மாணவர்களின் பண நிலைமையைப் பார்க்காமலேயே சேர்த்துக்கொண்டு, தேவைப்படும் உதவியையும் கொடுக்கிற கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. “பொண்ணு டாக்டர் ஆகணும்” என்ற கனவு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பல மருத்துவக் கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலே 21 வயது என்ற சுவர். அந்தப் பிறந்தநாளோடு எச்-4 தகுதி முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால், எஃப்-1 என்ற மாணவர் விசா போன்ற வேறொன்றுக்கு மாற வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பால், வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் பத்து வருடத்துக்கும் மேலாகக் காத்திருப்பது சர்வசாதாரணம். பிள்ளையின் வயதைக் கணக்கிடுவதில் கொஞ்சம் சலுகை தரும் ஒரு சட்டமும் உண்டு. அதைக் கணக்கிடும் முறையும் 2025 ஆகஸ்டில் மாறிவிட்டது. பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயது வருவது எப்போது? பெரும்பாலும் கல்லூரி மூன்றாம் வருடத்தில், படிப்பின் நடுவில். எஃப்-1-க்கு மாறிய பிறகு சில இடங்களில் உள்ளூர்க் கட்டணமும் பறிபோகலாம்.

இதையெல்லாம் அப்பாவும் அம்மாவும் அறிவார்கள். இரவு பிள்ளை தூங்கிய பிறகு மாதாமாதம் வரும் விசா புல்லட்டினைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். பிள்ளையிடம் மட்டும் சொல்வதில்லை. “சின்னப் பொண்ணு, எதுக்கு பயமுறுத்தணும்?” என்கிறார்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் விளைவு என்ன ஆகிறது என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில், அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்து, வீடே கொண்டாடி, அடுத்த வாரம் கட்டணப் பக்கத்தைத் திறக்கும்போது சொல்ல வேண்டி வருகிறது. அப்போது அவளுக்கு வருவது பயம் மட்டும் இல்லை. “இவ்வளவு நாளா ஏன் சொல்லல?” என்ற கோபமும் சேர்ந்து வருகிறது.

பத்தாம் வகுப்பில் சொல்வதில் ஒரு நன்மை இருக்கிறது. இன்னும் எதையும் இழக்கவில்லை. வழிகளைத் தேட நேரம் இருக்கிறது. எந்த மாநிலத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தில் எச்-4 மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் என்று பிள்ளையே உட்கார்ந்து ஒரு ஷீட் போடலாம். இந்தத் தலைமுறைக்கு அது ஒரு மாலை வேலை. எந்தக் கல்லூரிகள் தகுதி அடிப்படையில் எல்லோருக்கும் உதவித்தொகை தருகின்றன என்று பார்க்கலாம். சம்பள வேலை முடியாது என்றால் நூலகத்திலோ மருத்துவமனையிலோ தன்னார்வலராகச் சேரலாம். இதில் எது அனுமதி, எது இல்லை என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆலோசனைக்குப் பிள்ளையையும் கூட்டிப்போங்கள் என்பேன். பதினாறு வயதுப் பெண் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே கேள்வி கேட்கட்டும். வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதை அங்கே நம்ப வேண்டாம், இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

எப்படிச் சொல்வது? ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்ட வேண்டாம். லைசென்ஸ் எடுக்கும் பேச்சு வருகிற நாள் நல்ல ஆரம்பம். “நம்ம விசா எப்படி வேலை செய்யுதுன்னு உனக்குச் சொல்லியிருக்கேனா?” என்று தொடங்கலாம். சொல்ல வேண்டியதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இது அவள் மதிப்பெண்ணால் வந்த பிரச்சினை இல்லை, அவள் மதிப்பெண் எடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினையும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால், ‘நான் இன்னும் நல்லாப் படிச்சிருந்தா அப்பாவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை’ என்று பிள்ளை தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இன்னொரு வீட்டு நிலைமை. அக்கா சேலத்தில் பிறந்தவள், எச்-4. தம்பி டல்லாஸில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். ஒரே டைனிங் டேபிள், ஒரே சாம்பார். ஆனால் அவனுக்கு உதவித்தொகை உண்டு, அவளுக்கு இல்லை. அவனுக்குப் பதினாறில் வேலை உண்டு, அவளுக்கு இல்லை. இதைப் பேசாமல் விட்டால் பிள்ளைகள் இருவரும் தனித்தனியாக இதைச் சுமப்பார்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி பொருந்தாதே என்று தாண்டிப் போக வேண்டாம். உங்களுக்கும் ஒரு தேதி இருக்கிறது. மத்திய அரசின் கல்வி உதவிக்கான படிவத்தில் கேட்கப்படும் வருமானம், கல்லூரி சேரும் வருடத்துக்கு இரண்டு வருடம் முந்தையது. 2028 இலையுதிர் காலத்தில் சேரும் பிள்ளைக்கு 2026-ன் வருமான வரிக் கணக்கு. 2026 ஜனவரியில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? பத்தாம் வகுப்பின் நடுவில். அந்த வருடத்தில் பங்குகளை விற்றாலோ, கம்பெனி கொடுத்த ஆர்எஸ்யூ மொத்தமாகக் கைக்கு வந்தாலோ அது பிள்ளையின் உதவித்தொகைக் கணக்கில் ஏறும். ஐடி வேலையில் இருப்பவர்கள் இதைப் பதினொன்றாம் வகுப்பு முடிந்த பிறகு தெரிந்துகொண்டால் அந்த வருடம் கடந்துபோயிருக்கும். பெற்றோருக்குக் குடியுரிமை இல்லாவிட்டாலும், அங்கே பிறந்த பிள்ளை இந்தப் படிவத்தைப் போடலாம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்கு வருடத்துக்கு நம்மால் எவ்வளவு முடியும் என்ற தொகையையும் இந்த வருடமே பிள்ளையிடம் சொல்லிவிடலாம். துல்லியமாக வேண்டாம், ஒரு உத்தேசம் போதும். நம் அப்பாக்கள் சொன்னதில்லை. நகை அடகு வைத்தது, பிஎஃப் எடுத்தது எல்லாம் பிற்பாடு எப்போதோ அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த மௌனத்தைத் தியாகம் என்று நாம் இன்றும் போற்றுகிறோம். எனக்கு அதில் மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை.

தமிழ்ப் பள்ளியை விடும் நேரமா இது?

சின்ன விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ஏழெட்டு வருடம் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளையை, “டென்த் வந்தாச்சு, டைம் இல்லை” என்று நிறுத்துகிறார்கள். அமெரிக்கத் தமிழ்க் கல்விக்கழகம், கலிபோர்னியத் தமிழ்க் கழகம் போன்ற அமைப்புகளின் முயற்சியால் பல பள்ளி மாவட்டங்களில் தமிழுக்கு அயல்மொழிக் கிரெடிட் கிடைக்கிறது. இருமொழித் தேர்ச்சிக்கு முத்திரை தரும் திட்டம் கலிபோர்னியாவில் 2011-ல் சட்டமாகி இப்போது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அதில் தமிழையும் காட்டலாம். ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகும் நேரத்தில் வேறு பாடம் எடுக்க முடியுமா என்று உங்கள் பள்ளி கவுன்சிலரிடம் கேளுங்கள். பலன் கைக்கு வரும் நேரத்தில் விட்டுவிட்டு வருவது எந்த ஊர்க் கணக்கு?

இந்தியாவிலிருந்து நேராகப் பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

கம்பெனி மாற்றலில் எல்-1 விசாவில் போகிறீர்கள், மகன் சென்னையில் ஒன்பதாவது முடித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இங்கே புத்தகம் வாங்கி, ஏப்ரலிலோ ஜூனிலோ பத்தாம் வகுப்பும் தொடங்கியிருப்பான். அங்கே ஆகஸ்டில் மறுபடி முதலிலிருந்து பத்தாவது. கணக்கும் அறிவியலும் தெரிந்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவனுக்குக் கஷ்டம் ஆங்கிலக் கட்டுரையிலும் அவர்களுடைய வரலாற்றிலும்தான் வரும். பதில் மனப்பாடம் செய்து பழகியவனிடம் ‘உன் வாதம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன’ என்று கேட்பார்கள். மதிய உணவு நேரத்தில் யாருடன் உட்காருவது என்பது அவனுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வியாக இருக்கும். முதல் செமஸ்டரில் பி வந்தால் வீட்டில் துக்கம் கொண்டாட வேண்டாம்.

அங்கே பட்டம் பெற இத்தனை கிரெடிட் வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. உடற்பயிற்சி, அமெரிக்க வரலாறு, அரசியலமைப்பு என்று கட்டாயங்கள் உண்டு. இந்தியாவில் ஒன்பதாவதில் படித்ததற்கு எவ்வளவு கிரெடிட் என்பதை அந்தப் பள்ளி மாவட்டம்தான் முடிவு செய்யும். அவர்கள் கையில் காகிதம் இருந்தால்தான் முடிவு செய்வார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், எந்தெந்தப் பாடம் வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று பள்ளி லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு ஒரு கடிதம், தடுப்பூசி அட்டை. எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே ஆங்கிலத்தில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டுப் போனால், மே மாத வெயிலில் பூட்டிக் கிடக்கும் பள்ளி வாசலில் போய் நிற்கப்போவது ஊரில் இருக்கும் தாத்தாதான்.